அரை கிலோமீட்டர் கடல்!

எங்க ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு ஒரு வியாதி உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு மேல கிரீஸ் நாட்டு வீடியோவா பார்த்துத் தள்ளுவா. வெள்ளை வெள்ளையா வீடு, நீலமா கடல், நடுவுல ஒரு குட்டித் தீவு. அங்கேர்ந்து ஃபெர்ரி பிடிச்சு, மணிக்கணக்கா மிதந்து, ஏதென்ஸ் பக்கத்துல இருக்கிற பிரேயஸ் துறைமுகத்துல வந்து இறங்கணும். இதுதான் மேடத்தோட வாழ்நாள் லட்சியம்!

ஒருநாள் திடீர்னு என் பக்கம் திரும்பி, "ஏய், நீ கடல்காரப் பொண்ணுதானே? தீவுல இருந்து கரைக்குப் படகுல வர்றது எப்படிடீ இருக்கும்?"னு கேட்டா. நான் திருதிருன்னு முழிச்சேன்.

காரணம் சொன்னா சிரிக்கக் கூடாது. இருபது வயசு. சொந்த ஊர் இனயம். வீட்டு வாசல்ல நின்னா அலைச் சத்தம் கேட்கும். அப்பா மீன்பிடித் தொழில். தாத்தா, தாத்தாவோட அப்பா எல்லாரும் அதே தொழில். ஆனா நான் இதுவரைக்கும் ஒரு படகுல கால் வெச்சதே இல்லை!

எங்க ஊர்ல பொண்ணுங்க கடலுக்குப் போற வழக்கம் கிடையாது. மீனைக் கரையில வாங்குறது, விக்கிறது, காய வைக்கிறது, கணக்குப் பார்க்கிறது எல்லாம் பெண்கள். ஆனா தண்ணிக்குள்ள போறது ஆண்கள் மட்டும்தான். அது போதாதுன்னு 2017-ல இருந்து அம்மா ஒரு தனிச் சட்டம் போட்டு வெச்சிருக்காங்க. "நம்ம வீட்டுல கடலுக்குப் போறது உங்க அப்பா ஒருத்தரோட போதும்!" ஏன் அப்படின்னு பின்னாடி சொல்றேன்.

செமஸ்டர் லீவுல ஊருக்குக் கிளம்பும்போது ஆசிரியர்கிட்ட இருந்து போன். "உங்க ஊர்ப் பக்கம் ஒரு பயணக் கட்டுரை எழுதும்மா." ரூம்மேட் கேட்ட கேள்வி மண்டைக்குள்ள மணி அடிச்சது. தீவு, ஃபெர்ரி, கரை... அட, நம்ம ஜில்லாவுலயே இருக்கே! கன்னியாகுமரி விவேகானந்தர் பாறை! கிரீஸ் போக விசா வேணும். இங்கே போக மூணு பஸ் போதும்.

அப்பாவும் வர்றாராம்!

நான் போனது ஜூன் மாசம். அப்பா வீட்டுல இருந்தார். ஏன்னா மீன்பிடித் தடைக்காலம். இதுல ஒரு வேடிக்கை தெரியுமா? ஒரே கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ள ரெண்டு தடைக்காலம். கன்னியாகுமரி பக்கம் சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. ஏப்ரல் 15-ல் ஆரம்பிச்சு ஜூன் 14-ல் முடியும். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்துக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ரெண்டுமே 61 நாள்தான்.

அப்பா போறது தேங்காப்பட்டணத்துல இருந்து கிளம்புற பெரிய படகு. போனா இருபது நாள், சில சமயம் ஒரு மாசம்கூட ஆகும். அதனால நான் வளர்ந்த வருஷங்கள்ல பாதி நாள் அவர் வீட்டுல இல்லை. இந்த 61 நாள்தான் எங்களுக்கு முழு அப்பா.

"அப்பா, நாளைக்கு விவேகானந்தர் பாறைக்குப் போகப் போறேன். கட்டுரை எழுதணும்"னு சொன்னேன். அம்மா முகம் மாறிடுச்சு. "ஏட்டி, ஆனி மாசக் கடலு! எப்பிடிக் கெடக்குன்னு வாசல்ல போய்ப் பாரு!"ன்னாங்க.

அப்பா வலை பின்னுறதை நிறுத்தாமலே சொன்னார். "நானும் வாறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "நீங்களா? நீங்க பார்க்காத கடலா அப்பா?"

"அந்தப் பாறையச் சுத்தி எத்தனையோ மட்டம் போயிருக்கேன் மக்களே. மேல ஏறினது இல்ல. டிக்கெட் எடுத்து எவனோ ஓட்டுற படகுல உக்காந்து போறது எப்பிடின்னு ஒருக்கா பாக்கணும்."

மூணு பஸ், ஒரு தூக்குச்சட்டி

காலையில முதல் பஸ். இனயத்துல இருந்து கருங்கல். அங்கேர்ந்து திங்கள்சந்தை வழியா நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்ட். அப்புறம் கன்னியாகுமரி. மொத்தமே ஐம்பது கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனா மேற்குக் கடற்கரையில ஏறி, வாழைத் தோட்டம், ரப்பர் மரம், தாமரைக் குளம், வயல், மலைன்னு பார்த்துக்கிட்டே போய், மூணு கடல் சேருற முனையில இறங்கலாம். டவுன் பஸ்ல எனக்கு டிக்கெட் கிடையாது. அப்பாவுக்கு மட்டும் உண்டு. "படிக்கிறவளுக்கு ஓசி, உழைக்கிறவனுக்குக் காசா?"ன்னு கண்டக்டர்கிட்ட ஒரு சின்னப் பஞ்சாயத்து வேற!

இனயம்னு சொன்னா வெளியூர்க்காரங்க, "துறைமுகம் வர்றதா சொன்னாங்களே, அந்த ஊரா?"ன்னு கேட்பாங்க. ஆமா, அதே ஊர்தான். 2016-ல் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை அளவுல ஒப்புதல் கொடுத்தது. ஊர் எதிர்த்தது. ஊர் ஊரா கூட்டம், போராட்டம்னு நடந்தது. இனயத்துல துறைமுகம் வரலை. அப்போ நான் ஆறாம் கிளாஸ். கடலைப் பத்தி ஊர் ஒண்ணாப் பேசி நான் முதல்முதலா கேட்டது அப்போதான். ரெண்டாவது தடவை கேட்டது அடுத்த வருஷம். அது பேச்சு இல்லை, அழுகை.

பஸ்ல என் மடியில அம்மா கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டி. உள்ளே அவிச்ச மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். வாசனை பரவி, முன் சீட்டுப் பாட்டி மூணு தடவை திரும்பிப் பார்த்தாங்க.

"இன்னைக்கு போட் இல்லையா?"

கன்னியாகுமரி படகுத்துறைக்குப் போனப்போ மணி எட்டரை. வடநாட்டுக் குடும்பங்கள், கேரளத்துக் கல்லூரிப் பசங்க, மாலை போட்ட பக்தர்கள்னு நீளமா ஒரு வரிசை. ஆனா நகரவே இல்லை. கடல் நீர்மட்டம் தாழ்ந்து போனதால படகு இப்போதைக்கு இல்லைன்னு அறிவிப்பு.

பேப்பர்ல இந்தச் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீங்க. தண்ணி தாழ்ந்தா படகோட அடிப்பாகம் பாறையில தட்டும், துறையோட படிக்கும் படகுக்கும் நடுவுல ஏறி இறங்க முடியாத இடைவெளி வந்துடும். அதனால நிறுத்திடுவாங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது அடிக்கடி நடக்கும். நாங்க போனது அமாவாசைக்கு மறுநாள்.

எனக்கு முகம் வாடிப் போச்சு. அப்பா கைப்பிடிச் சுவர்ல சாய்ஞ்சு தண்ணியைப் பார்த்தார். பாறையில ஈரம் எதுவரைக்கும் இருக்கு, பாசி எதுவரைக்கும் தெரியுதுன்னு ஒரு அஞ்சு நிமிஷம் கவனிச்சார்.

"இப்ப வத்தம். அடிமட்டத்துக்கு வந்தாச்சு. இனி ஏத்தம்தான். பத்து மணிக்கு விடுவான்."

"எப்படிப்பா சொல்றீங்க?"

"நீ படிச்சதுதானே? சந்திரனும் சூரியனும் சேந்து இழுத்தா தண்ணி ரொம்ப ஏறும், ரொம்ப இறங்கும். உங்க புஸ்தகத்துல போட்டிருக்காது?"

போட்டிருக்கு. ஒன்பதாம் கிளாஸ்லயே படிச்சு மார்க் வாங்கினேன். ஆனா அதை வெச்சு மணி சொல்லலாம்னு எனக்குத் தோணினதே இல்லை. பத்து மணி அஞ்சு நிமிஷத்துக்கு வரிசை நகர்ந்தது. அப்பா என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க... நான் வாங்கின அத்தனை அரியரும் அந்தச் சிரிப்புல தெரிஞ்சது!

ஆரஞ்சு சட்டை

படகை நடத்துறது தமிழக அரசோட பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். குகன், பொதிகை, விவேகானந்தா இதெல்லாம் அந்தப் படகுகளோட பேர். ராமனைக் கங்கையில படகேத்திவிட்ட குகன் பேரை ஒரு ஃபெர்ரிக்கு வெச்சவர் யாரோ, அவருக்கு ஒரு சல்யூட்! ஒரு படகுல 150 பேர் வரைக்கும் போகலாம்.

ஏறுற எல்லாருக்கும் ஆரஞ்சுக் கலர்ல ஒரு லைஃப் ஜாக்கெட். போட்டாத்தான் படகுல இடம். அம்பாரமா குவிஞ்சு கிடக்கிறதுல ஒண்ணை எடுத்துத் தலைவழியா மாட்டிக்கிட்டேன். அப்பா கையில வாங்கி, முன்னயும் பின்னயும் திருப்பிப் பார்த்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேல ஆரஞ்சு ஜாக்கெட். வாரைக் கட்டத் தெரியாம முழிச்சார். முப்பது வருஷமா கடல்ல கிடக்கிற மனுஷன்! கடைசியில நான்தான் கட்டிவிட்டேன்.

போற பயணத்தைப் பத்திச் சொல்ல ஒண்ணும் பெருசா இல்லை. பத்து நிமிஷம்கூட ஆகலை. அதுல பாதி நேரம் நான் கண்ணை மூடிக்கிட்டு அப்பா கையைப் பிடிச்சிருந்தேன். பக்கத்துல ரெண்டு வயசுக் குழந்தை கை தட்டிச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. இனயத்து மானம் காத்துல போச்சு!

பாறை மேல...

பாறைன்னு சொல்றோமே தவிர, ஏறினதும் ஒரு சின்னத் தீவு மாதிரிதான் இருக்கு. கரையில இருந்து சுமார் அரை கிலோமீட்டர். 1892 டிசம்பர்ல விவேகானந்தர் இங்கே வந்து மூணு நாள் தியானம் பண்ணினார். ஏக்நாத் ரானடேயோட முயற்சியில கட்டின நினைவு மண்டபத்தை 1970 செப்டம்பர் 2-ல் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி திறந்து வெச்சார். அதுக்கும் முன்னாடியே இது ஸ்ரீபாதப் பாறை. குமரி அம்மன் ஒத்தைக் காலில் தவம் இருந்த இடம்னு நம்பிக்கை. பாறையில இருக்கிற பாதச் சுவட்டுக்கு மேல ஒரு தனி மண்டபம் இருக்கு.

தியான மண்டபத்துக்குள்ள இருட்டு, ஒரு சின்ன வெளிச்சம், ஓங்கார ஒலி. செல்போனை நோண்டாம நாம பத்து நிமிஷம் உட்கார முடியுமான்னு டெஸ்ட் பண்ண நல்ல இடம். நான் நாலு நிமிஷத்துல அவுட். அப்பா கால் மணி நேரம் அசையாம இருந்தார். "கடல்ல ராத்திரி காவல் இருக்கையில இப்பிடித்தான் இருக்கும்"னார் வெளியே வந்து.

அடுத்தது கண்ணாடிப் பாலம்! விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைப் பாறைக்கும் நடுவுல 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். 37 கோடி ரூபாய் செலவு. வள்ளுவர் சிலையோட வெள்ளிவிழாவை ஒட்டி 2024 டிசம்பர் 30-ல் முதல்வர் ஸ்டாலின் திறந்து வெச்சார். முன்னாடியெல்லாம் வள்ளுவரைப் பார்க்கவும் படகுலதான் போகணும். அந்தப் பக்கம் பாறையும் அலையும் ஜாஸ்திங்கிறதால பல நாள் விவேகானந்தரோட திருப்பி அனுப்பிடுவாங்க. இப்போ நடந்தே போய்டலாம். காலுக்குக் கீழே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே நுரைச்சுக்கிட்டு கடல். எனக்குத் தலை சுத்திச்சு. இது வில் வடிவ வளைவுப் பாலம், எடையை மேல இருக்கிற வளைவு தாங்கும்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கிளாஸ் எடுக்கிற ஆள்தான் நான். மேல நிக்கும்போது எல்லாம் மறந்துபோச்சு!

வள்ளுவர் 133 அடி. பீடம் 38 அடி, அது அறத்துப்பால் அதிகாரங்களோட கணக்கு. சிலை 95 அடி, அது பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. கணபதி ஸ்தபதி செதுக்கின சிலை, 2000 ஜனவரி 1-ல் திறந்தாங்க. அஞ்சு வருஷம்கூட ஆகலை, சுனாமி வந்துச்சு. சிலை அசையலை.

"அன்னைக்கு நீ உங்கம்மா வயித்துல கெடந்தே"ன்னு அப்பா ஆரம்பிச்சார். 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலையில சுற்றுலா வந்தவங்க நூத்துக்கணக்கான பேர் இதே பாறையில மாட்டிக்கிட்டாங்க. மணக்குடியில பாலமே அடிச்சுட்டுப் போயிடுச்சு. குளச்சல், கொட்டில்பாடுன்னு ஊர் ஊரா பிணம். பாறையில நின்னவங்களைக் கன்னியாகுமரி மீனவங்க தங்களோட படகை எடுத்துட்டுப் போய்க் கரை சேர்த்தாங்க. கரையில தங்களோட ஊரே அழிஞ்சு கிடக்கிற நாள்ல!

கரையைப் பார்த்தபடி...

பாறையோட வடக்கு ஓரத்துல நின்னா கரை மொத்தமும் ஒரு படம் மாதிரி தெரியும். குமரி அம்மன் கோயில், காந்தி மண்டபம், கலங்கரை விளக்கம், வெள்ளை வெளேர்னு அலங்கார உபகார மாதா கோயில் கோபுரம், பின்னாடி மருந்துவாழ் மலை.

இருபது வருஷமா நான் கரையில நின்னு கடலைப் பார்த்திருக்கேன். கடல்ல நின்னு கரையைப் பார்க்கிறது இதுதான் முதல் தடவை.

"நாங்க இப்பிடித்தான் பாப்போம்"னார் அப்பா. ஜி.பி.எஸ். வர்றதுக்கு முன்னாடி, தாத்தா காலத்துல, ஒரு கோபுரத்தையும் பின்னாடி இருக்கிற மலையையும் ஒரே கோட்டுல கொண்டு வருவாங்களாம். வேற பக்கம் இன்னொரு மரத்தையும் குன்றையும் ஒரு கோட்டுல வைப்பாங்க. ரெண்டு கோடும் வெட்டுற இடத்துல கடலுக்கு அடியில மீன் அடையிற பாறை இருக்கும். தப்பவே தப்பாது. முதல் செமஸ்டர்ல ரெண்டு நேர்கோடு வெட்டுற புள்ளியைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தாத்தா கையெழுத்துகூடப் போடத் தெரியாதவர்.

தெற்கே கையைக் காட்டினார். "அங்கதான் வெட்ஜ் பேங்க்." இந்தியாவோட வளமான மீன்பிடித் தளங்கள்ல ஒண்ணு. நமக்கு அது வெறும் நீலம். அவருக்கு அது ஆபீஸ்.

திரும்பி வர்ற படகு

ரூம்மேட் கேட்ட கேள்விக்கான இடம் இதுதான். தீவுல இருந்து கரைக்கு!

மத்தியானம் தாண்டியதும் காத்து ஏறியிருந்தது. அலை பாறையில மோதி வெள்ளையாத் தெறிச்சது. திரும்பவும் வரிசை, திரும்பவும் ஆரஞ்சு ஜாக்கெட். இந்தத் தடவை அப்பா தானே வாரைக் கட்டிக்கிட்டார். படகு துறையை விட்டு நகர்ந்து திரும்பினதும் ஒரு அலை பக்கவாட்டுல வந்து அடிச்சது. படகு சாய்ஞ்சது. "ஓ..."ன்னு கூட்டம் மொத்தமும் கத்துச்சு. நானும்தான்!

"அலைய நெஞ்சுல வாங்கணும், விலாவுல வாங்கக் கூடாது. இப்ப திருப்புவான் பாரு"ன்னார் அப்பா. அடுத்த நொடி படகோட மூக்கு அலைக்கு நேராத் திரும்புச்சு. ஆட்டம் குறைஞ்சது. "தொழில் தெரிஞ்சவன்"னு சர்டிஃபிகேட்டும் கொடுத்தார்.

அதுக்குள்ள வள்ளுவர் சிலை வலது பக்கம் வந்துச்சு. செல்ஃபி எடுக்க ஒரு கூட்டம் எழுந்து அந்தப் பக்கமே ஓடுச்சு. படகு ஊழியர் தொண்டை கிழியக் கத்தி உட்கார வெச்சார். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்ச மக்களே, மெட்டாசென்டர் ஞாபகம் இருக்கா? படகு சாயும்போது அதை நிமிர்த்துற விசை எப்போ வேலை செய்யும், எப்போ செய்யாதுங்கிற கணக்கு. எடை மேல ஏறினாலும் ஒரே பக்கம் குவிஞ்சாலும் நிமிர்த்துற விசை தோத்துப் போகும். எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணி, மறுநாள் மறந்த பாடம். உட்காரச் சொல்லிக் கத்துற அந்த அண்ணனுக்கு நான் ஏன் அப்படிக் கைதட்டுறேன்னு பக்கத்துல இருந்தவங்களுக்குப் புரியலை.

அப்போதான் கவனிச்சேன். அப்பா கரையைப் பார்க்கலை. சிலையையும் பார்க்கலை. மடியில கையை வெச்சு, அந்த ஜாக்கெட் வாரைத் தடவிக்கிட்டே இருந்தார்.

"அரை கிலோமீட்டருக்கு இது இல்லாம ஏறக் கூடாதுங்கான்..."

எனக்குப் புரிஞ்சது. புரியாம எப்படி இருக்கும்?

2017 நவம்பர் 30

ஓகி புயல். அன்னைக்கு எனக்குப் பன்னிரண்டு வயசு. எங்க கடற்கரையில இருந்து போன நூத்துக்கணக்கான படகுகள் அப்போ ஆழ்கடல்ல. பல படகுகள் எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிப் போனவை. அப்பா ஒரு படகுல, சித்தப்பா வேற ஒரு படகுல. தமிழ்நாடு, கேரளான்னு ரெண்டு மாநிலத்துலயும் சேர்த்து நூத்துக்கணக்கான மீனவங்க திரும்பி வரலை. டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத்துல ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்துல உட்கார்ந்தாங்களே, "எங்க ஆளுங்களைத் தேடுங்க"ன்னு... அதுல அம்மாவும் சித்தியும் இருந்தாங்க.

அப்பாவோட படகு லட்சத்தீவுல ஒதுங்குச்சு. பதினோரு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தார். சித்தப்பா வரலை. உடம்பும் வரலை. எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துல அவருக்கு இடம் இல்லை. ஒரு போட்டோ மட்டும்தான்.

இதைப் பத்தி அப்பா வீட்டுல ஒரு வார்த்தை பேசினதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அந்தப் படகுல, நூறு பேர் கத்துற சத்தத்துக்கு நடுவுல, அவரா பேசினார்.

"ஒரு காலி கேனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நான் கெடந்தேன் மக்களே, படகு மறியப் போவுதுன்னு. அவனுக்கு அது கிடைச்சுதோ என்னவோ. இது மாதிரி ஒண்ணு மேல கெடந்திருந்தா... ஆளு பொழைக்கேல்லன்னாலும் மிதந்திருப்பான். கொண்டு வந்து அடக்கியிருக்கலாம்."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டேன். "உங்க படகுல இப்போ ஜாக்கெட் இருக்காப்பா?"

"இருக்கு. அடியில கெடக்கு."

"ஏன் போட மாட்டேங்கிறீங்க?"

கோபப்படுவார்னு நினைச்சேன். படலை. பொறுமையாச் சொன்னார். வலை இழுக்கும்போது கை மேல வராது. கழுத்துப் பக்கம் உப்பும் வேர்வையும் சேர்ந்து அறுக்கும். வார் எதுலயாவது மாட்டிச்சுன்னா ஆளையே வலையோட இழுத்துடும். பன்னிரண்டு மணி நேரம் இதைப் போட்டுக்கிட்டு வேலை செய்ய முடியாது. "சும்மா உக்காந்து வாறவனுக்குச் செஞ்சது இது. தொழில் செய்யிறவனுக்குச் செய்யல்ல."

ஓகிக்கு அப்புறம் எவ்வளவோ வந்திருக்கு. 2019-ல் ஜெமினின்னு ஒரு கருவி அறிமுகமாச்சு. செல்போன் டவர் எட்டாத ஆழ்கடலுக்கும் செயற்கைக்கோள் வழியா புயல் எச்சரிக்கை போகும். படகுகள்ல இஸ்ரோ தொழில்நுட்பத்துல ட்ரான்ஸ்பாண்டர் பொருத்துறாங்க. எல்லாம் நல்ல விஷயம். ஆனா எச்சரிக்கை வந்த பிறகும் கரைக்கு வர ரெண்டு மூணு நாள் ஆகிற தூரத்துல இருக்கிற ஆளுக்கு, உடம்புல என்ன இருக்குங்கிறதுதான் கேள்வி.

படகு துறையில முட்டி நின்னுச்சு. ஜாக்கெட்டைக் கழட்டிக் குவியல்ல போட்டோம். அப்பா போட்டதுக்கு அப்புறமும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

தூக்குச்சட்டி மாநாடு

கரையில ஒரு நிழல்ல உட்கார்ந்து கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டோம். நான் பேப்பர் எடுத்துட்டேன். "அப்பா, வலை இழுக்கிறப்போ எந்த எந்த இடம் மடங்கும்? காட்டுங்க!"

நடு ரோட்டுல, வர்றவன் போறவன் எல்லாம் பார்க்க, அப்பா காத்துல வலை இழுத்துக் காட்டினார். தோள், அக்குள், இடுப்பு. எங்கே தடிப்பு இருக்கக் கூடாது, எங்கே வார் வரக் கூடாதுன்னு குறிச்சுக்கிட்டேன். காத்து அடைச்ச மெல்லிசு பெல்ட் மாதிரி, தண்ணியில விழுந்தா தானே உப்புற ஜாக்கெட்டுகள் உலகத்துல ஏற்கெனவே இருக்கு. ஆனா விலை, உப்பு, தூண்டில் முள் குத்தினா கிழியிறது, மழையில நனைஞ்சாலே உப்பிடுற சிக்கல்னு ஏகப்பட்ட கேள்வி. ஒரு மெக்கானிக்கல் ஸ்டூடண்ட்டுக்கு இதுக்கு மேல என்ன புராஜெக்ட் வேணும்? ஃபைனல் இயர்ல எந்தக் கடையில புராஜெக்ட் வாங்கலாம்னு பேசிக்கிட்டு இருந்த கும்பல்ல நானும் ஒருத்தி. இப்போ இல்லை.

"செஞ்சா போடுவீங்களா?"ன்னு கேட்டேன்.

"செஞ்சு கொண்டா. போட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

சத்தியம் எல்லாம் பண்ணலை. எங்க அப்பா அவ்வளவுதான் சொல்வார்.

ரூம்மேட்டுக்கு ஒரு பதில்

ஃபெர்ரிங்கிறது எல்லா ஊர்லயும் பிக்னிக் இல்லை. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துல நெடுந்தீவு ஜனங்களுக்குக் குறிகட்டுவான் போற படகுதான் பஸ். ஆஸ்பத்திரிக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கிற வரைக்கும் அங்கேர்ந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடுச்சு. 2023 அக்டோபர்ல நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குத் திரும்பவும் கப்பல் விட்டாங்க. கடலைத் தாண்டிப் போறதும் வர்றதும் நம்ம ஆளுங்களுக்குப் புதுசு இல்லை.

அதனால ரூம்மேட், நீ தாராளமா கிரீஸ் போ. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை எங்க ஊருக்கு வா. தீவுல இருந்து கரைக்கு வர்றது எப்படி இருக்கும்னு கேட்டியே... கரை கிட்ட வர வர, அங்கே யாரோ நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கங்கிற மாதிரி இருக்கும். எனக்கு அது பத்து நிமிஷம். அப்பாவுக்கு இருபது நாளைக்கு ஒரு தடவை.

ஜூலை 31 முடிஞ்சு அப்பா திரும்பவும் கடலுக்குப் போயாச்சு. நான் ஹாஸ்டலுக்கு வந்தாச்சு. நேத்து அம்மா போன்ல சொன்னாங்க. "கிளம்பறதுக்கு முந்தின நாளு, படகுக்கு அடியில கெடந்த அந்த மஞ்ச சட்டையெல்லாம் வெளிய எடுத்துக் கழுவிக் காயப் போட்டாரு உங்கப்பா. என்னாச்சுட்டி அவருக்கு?"

நான் ஒண்ணும் சொல்லலை. டிராயிங் ஷீட்டை விரிச்சேன்.

போறதுக்கு முன்னாடி...

* படகு காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரைக்கும். லீவு நாள்ல வரிசை நீளம். சீக்கிரம் போறது புத்திசாலித்தனம்.

* அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்ல காலையில நீர்மட்டம் தாழலாம். "இல்லை"ன்னு சொன்னா உடனே திரும்பிடாதீங்க. கொஞ்சம் காத்திருங்க. தண்ணி ஏறும்!

* ஆனி, ஆடியில கடல் கொந்தளிப்பு ஜாஸ்தி. நிறுத்தினா சண்டை போடாதீங்க. அவங்களுக்குக் கடல் தெரியும்.

* செல்ஃபிக்காக எல்லாரும் ஒரே பக்கம் ஓடாதீங்க. மெட்டாசென்டர் மேல சத்தியம்!

* லைஃப் ஜாக்கெட் வாரை ஒழுங்காக் கட்டுங்க. சும்மா தோள்ல தொங்கவிடுறது ஃபேஷன் இல்லை.